ஓடிபி வந்திருக்கு மாமா!

"மாமா, ஒரு ஓடிபி வந்திருக்கு. தொறக்கவே மாட்டேங்குது."

2020 ஜூலையில் ஒரு சாயங்காலம், மட்டாஞ்சேரியில் இருந்து அக்கா மகன் வாட்ஸப்பில் அனுப்பின குரல் பதிவு இது. நான் அபுதாபியில் சாப்பாட்டு மேசையையே ஆபீஸாக்கி உட்கார்ந்திருந்த காலம். பதறிப்போய் பதில் பதிவு போட்டேன். "ஏல, அதை யாருகிட்டயும் சொல்லிராத! பேங்க்ல இருந்து பேசுறோம்னு எவனாவது சொன்னா உடனே போனை வச்சிரு!"

கொஞ்ச நேரம் ஒன்றையும் காணோம். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பதில் வந்தது. "மாமா, இது பேங்க் ஓடிபி இல்ல. டீச்சர் அனுப்பின பிசிக்ஸ் ஸ்லைடு. ஃபைல் பேரோட கடைசியில ஓடிபின்னு இருக்கு."

பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவன் நான். வேறென்ன சொல்ல :-)

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நண்பர்கள் வட்டாரத்தில் நிறையச் சிரித்தாயிற்று. ஆனால் இதோட பின்பாதி எனக்கே ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். ஊருக்குப் பழைய போன் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

முதலில் ஒரு சின்ன கொசுவத்தி.

அப்பா சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, ஒரு சுக்கு மண்டியில் கணக்கு எழுதியவர். அக்காவும் நானும் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். மட்டாஞ்சேரி தெரியாதவர்களுக்கு: டச்சு அரண்மனையும், 1568-ல் கட்டின யூதர் ஆலயமும், அதைச் சுற்றி மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனை ஊறிப்போன பழைய கிடங்குகளும் இருக்கும் இடம். ஒரு தெருவில் குஜராத்தி, அடுத்த தெருவில் கொங்கணி, இன்னொன்றில் உருது. கொஞ்சம் தள்ளி ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் தோபிக்கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்கள்தான். அதனால் வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், வாசல் தாண்டினால் கொச்சி மலையாளம் என்பது எங்களுக்கு ரொம்ப சாதாரணம். நான் 2005-ல் அபுதாபிக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்குப் பிறகு அந்த மாடி வீட்டில் அக்காவும் அத்தானும் ரெண்டு பிள்ளைகளும். அத்தானுக்கு பஜாரில் ஒரு மசாலா கடையில் வேலை.

2020 மார்ச்சில் எல்லாம் மூடியது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் ஜூன் 1-ம் தேதி கேரள அரசு 'ஃபர்ஸ்ட் பெல்' என்று கைட் விக்டர்ஸ் டிவியில் பாடம் நடத்த ஆரம்பித்தது. இந்த விக்டர்ஸை 2005-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தவர் நம்ம அப்துல் கலாம். 2004-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன எஜுசாட் செயற்கைக்கோளை நம்பி ஆரம்பித்த கல்விச் சேனல். பதினைந்து வருஷம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தது, அந்த ஜூனில் வீட்டுக்கு வீடு ஓடியது. ஒண்ணாம் வகுப்பு டீச்சர் ஒருவர் சொன்ன பூனைக் கதை மாநிலம் முழுக்கப் பிரபலம் ஆயிற்று. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக யூடியூபில் பாடம் வந்தது.

ஆனால் சுமார் 2.6 லட்சம் பிள்ளைகளுக்கு வீட்டில் டிவியோ போனோ இல்லை என்று அரசின் கணக்கே சொன்னது. முதல் நாளன்றே மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மாணவி இறந்துபோன செய்தி வந்தது. அந்த வீட்டில் டிவி ரிப்பேர், ஸ்மார்ட்போனும் கிடையாது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மகள் பக்கத்து அறையில் லேப்டாப்பில் வகுப்பு முடித்துவிட்டு டேப்லெட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். டிவி இருக்கு, பாடம் பார்க்கிறான், பிரச்சினை இல்லை என்றாள். ஆனால் பாடம் முடிந்த பிறகுதான் விஷயமே. டீச்சர்கள் நோட்ஸ், வீட்டுப்பாடம், ஸ்லைடு எல்லாம் வாட்ஸப் குழுவில் போடுவார்கள். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அத்தானோடது. அது அத்தானோடு கடைக்குப் போய்விட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வரும். பத்தாம் வகுப்பு மருமகன், ஆறாம் வகுப்பு மருமகள், ரெண்டு பேரும் அந்த ஒன்பது மணிக்காகக் காத்திருந்தார்கள்.

என் மேசை டிராயரில் 2014-ல் வாங்கின போன் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. 2 ஜிபி ராம், 16 ஜிபி சேமிப்பு, ஆண்ட்ராய்டு 6. பேட்டரியைக் கழற்றி மாட்டலாம், மெமரி கார்டு போடலாம். துடைத்துச் சுத்தம் செய்து, வந்தே பாரத் விமானத்தில் கொச்சி போன நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் பதினாலு நாள் குவாரன்டைன். அவரோடு போனும் குவாரன்டைன்! ஜூலையில்தான் அது மட்டாஞ்சேரி வீட்டுப் படி ஏறியது.

அப்புறம்தான் நம்ம ஓடிபி.

கேரளப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் முழுக்க கட்டற்ற மென்பொருளில்தான். 2001-ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று ஆரம்பித்து, 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறின திட்டம் அது. பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ், ஸ்லைடு செய்ய லிப்ரே ஆபீஸ். அதில் செய்து அப்படியே சேமித்தால் ஃபைல் பேரின் கடைசியில் ஓ, டி, பி என்று மூன்று எழுத்து வரும். ரெண்டாவது எழுத்து வேறு என்றாலும் தமிழில் சொன்னால் பேங்க் ஓடிபிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. என் பழைய போனில் இருந்த ஆப் அதைத் திறக்க மறுத்துவிட்டது.

நான் சொன்ன வைத்தியம்: "டீச்சர்கிட்ட பிடிஎஃப்பா மாத்தி அனுப்பச் சொல்லு." அவனும் பவ்யமாகக் கேட்டான். டீச்சரும் உடனே மாற்றி அனுப்பினார். திறந்தது. ஆனால் ஸ்லைடில் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய அம்புக்குறி, படம், விடை எல்லாம் பிடிஎஃப்பில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. பாடம் 'மின்னோட்டத்தின் விளைவுகள்'. படத்தைப் பார்த்தால் எங்கள் தெரு மின்கம்பம் மாதிரியே இருந்தது, எந்த வயர் எங்கே போகுதுன்னே தெரியாமல். அதற்கும் வழி கண்டுபிடித்தோம். ஒரு ஸ்லைடை மூன்று ஸ்லைடாகப் பிரித்து, எழுத்தைப் பெரிசாக்கி, ஒன்றில் ஐந்தாறு வரிக்கு மேல் போகாமல் செய்தால் சின்னத் திரையிலும் படிக்கலாம். அந்த டீச்சர் அதையும் செய்தார். அவர் நல்லா இருக்கணும்.

அப்போது அமீரகத்தில் வாட்ஸப்பில் கூப்பிட்டுப் பேச முடியாது, எழுத்தும் குரல் பதிவும் போகும். அதனால் எல்லா வைத்தியமும் குரல் பதிவில்தான். மெமரி கார்டு வாங்கிப் போடு. வாட்ஸப் குழுவில் வரும் வீடியோ தானாக இறங்காமல் நிறுத்து. யூடியூபைக் குறைந்த தரத்தில் வை, கரும்பலகை எழுத்து வரும்போது மட்டும் கூட்டிக்கோ. தினம் ராத்திரி ஒருதடவை போனை அணைத்து எழுப்பு. இப்படி ஒரு மாதம் ஓடியது. ஆகஸ்டுக்குப் பிறகு கேள்விகள் குறைந்தன. "போன் எப்படிடா இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு மாமா" என்பான்.

நானும் நம்பினேன். பையன் தேறிட்டான் என்று பெருமையாகவும் இருந்தது. ஆறு வருஷப் பழசான போனில் எப்படி ஒரு பையனை எஸ்எஸ்எல்சி படிக்க வைத்தேன் என்று அபுதாபி நண்பர்களுக்கு வகுப்பே எடுத்தேன். என் பேச்சைக் கேட்டு ரெண்டு மூன்று பேர் தங்கள் டிராயரைத் துழாவி ஊருக்குப் போன் அனுப்பினார்கள்.

2021 ஏப்ரலில் பரீட்சை நடந்தது, ஜூலையில் ரிசல்ட். அந்த வருஷம் மாநிலத்தில் 99.47 சதவீதம் பேர் பாஸ். எங்கள் பையனும் நல்ல மார்க். எல்லாம் சுபம் என்று இருந்தேன்.

2021 டிசம்பரில்தான் ஊருக்குப் போக முடிந்தது. போன மறுநாள் சார்ஜர் தேடி அப்பாவின் பழைய மர அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் என் போன். பின்மூடி இல்லை, பேட்டரி இல்லை. மேலே மெல்லிசாகத் தூசி.

"இது எப்பக்கா?"

அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அது... ஆகஸ்டுலயே பேட்டரி ஊதி மூடி தூக்கிக்கிட்டுது. வெடிச்சிரும்னு பயந்து கழட்டிட்டேன்." பேட்டரியை ஒரு பழைய மண்பானையில் போட்டு மொட்டைமாடி மூலையில் வைத்திருந்தாள். (ரொம்பச் சரியான வேலை. லித்தியம் பேட்டரி பழசானால் உள்ளே வாயு சேர்ந்து இப்படி உப்பும். அதை அமுக்கவோ குத்தவோ சார்ஜில் போடவோ கூடாது.)

ஆக, நான் அனுப்பின போன் ஆறு வாரம்தான் ஓடியிருக்கிறது. அதற்கப்புறம் என்னோடு பேசினது எல்லாம் அத்தான் நம்பரில் இருந்துதான். எந்த நம்பரில் இருந்து வருது என்று ஒருநாள்கூட நான் கவனித்ததில்லை.

"அப்ப எப்படிப் படிச்சான்?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து ஒரு கனமான புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள். சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு. அப்பா மண்டியில் இருந்து கொண்டுவந்து எழுதாமல் விட்டது. திறந்தால் பக்கத்துக்கு நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு ஸ்லைடு. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, சமூகவியல். ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தான் போன் வந்ததும், தங்கச்சிக்கு அரைமணி, இவனுக்கு மீதி. அந்த நேரத்தில் அன்றைக்கு வந்த ஸ்லைடு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான். எந்த அம்பு முதலில் வரணும், எது அடுத்தது என்று பக்கத்தில் 1, 2, 3 எண் போட்டிருந்தான். பிடிஎஃப்பில் காணாமல் போன வரிசையை அவனே யோசித்து மறுபடி போட்டிருக்கிறான். அப்பா வரவு, பற்று எழுத இருந்த கோடுகளுக்கு நடுவே கண் விழித்திரையும் ஓம் விதியும்.

ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், எனக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? ஒரு பேட்டரி என்ன விலை வந்துறப் போகுது?"

அக்கா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "நீ ஆசையா அனுப்பினது. கெட்டுப்போச்சுன்னு சொன்னா, இன்னொண்ணு வாங்கி அனுப்புன்னு கேக்குற மாதிரி ஆயிரும்லா. அதான் அவன்கிட்டயும் சொல்லாதன்னுட்டேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. புதுசாகக் கடையில் வாங்கின பொருள் என்றால் பில்லைக் காட்டிச் சண்டை போடலாம். தம்பி இலவசமாகக் கொடுத்த பழைய பொருளில் யார் குறை சொல்வார்கள்? குறை சொன்னால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோமோ என்ற பயம். நான் கடல் தாண்டி ஒரு போனை அனுப்பினேன், கூடவே அந்த வாயடைப்பையும் அனுப்பியிருக்கிறேன். போன் ஆறு வாரத்தில் நின்றுவிட்டது. வாயடைப்பு ஒன்றரை வருஷம் ஓடியது.

மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு ஃபோர்ட் கொச்சியில் இருந்து எர்ணாகுளத்துக்கு போட்டில் போனேன். பென்டா மேனகாவில் புது பேட்டரி போட. கொச்சிக்காரர்களுக்குத் தெரியும், போன் சம்பந்தமாக அங்கே கிடைக்காதது கிடையாது. போட்டில் காற்று நன்றாக அடித்தது. எனக்கு 2006 ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் நோக்கியா இ61 வாங்கி முதல் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். கேமரா கிடையாது, ஆனால் முழு கீபோர்டு. ஆபீஸ் பிரசன்டேஷனை அதிலேயே திறந்து பார்க்கலாம். ஏர்போர்ட்டில் காலை நீட்டிக்கொண்டு ஸ்லைடு பார்க்கும்போது ஏதோ கம்பெனியே நம்ம தலையில் ஓடுகிற மாதிரி ஒரு மிதப்பு :-) இதே போட்டில் அப்பாவிடம் காட்டினேன். 320க்கு 240 புள்ளித் திரை. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "கணக்கு கண்ணுக்குத் தெரியணும்ல. இதுல நீ பாக்கலாம். திருத்தணும்னா எங்க போவ?" என்றார். அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

இப்போது அதே போட்டில், கேட்டுப் பழகாத ஒரு கேள்வியை மருமகனிடம் கேட்டேன். "போன் எப்படி இருக்கு" என்று இல்லை. "அந்தப் போன்ல என்னல்லாம் முடியல?"

கொஞ்சம் தயங்கினான். அப்புறம் கொட்டினான். சார்ஜ் போட்டபடியேதான் வைக்கணும், பிளக் அடுப்படியில்தான், அதனால் அம்மா சமைக்கும்போது புகையில் உட்கார்ந்துதான் படிக்க முடிந்தது. மெமரி கார்டு போட்டாலும் ஆப் எல்லாம் உள்ளேதான் போய் உட்காரும், வாரம் ரெண்டு தடவை எதையாவது அழிக்கணும். ஒருநாள் அவசரத்தில் தங்கச்சியின் வீட்டுப்பாடப் போட்டோக்களை அழித்துவிட்டு அடி வாங்கினது. கடைசியாகச் சொன்னான்: "போன்ல பாக்கலாம் மாமா. ஒண்ணும் செய்ய முடியாது."

அவன் பள்ளியில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் கம்ப்யூட்டர் குழுவில் இருந்தவன். 2018-ல் கேரளப் பள்ளிகளில் ஆரம்பித்தது அது. ஒன்பதாம் வகுப்பில் லேபில் உட்கார்ந்து அனிமேஷன் செய்து டீச்சரிடம் பாராட்டு வாங்கினவன். 2020-ல் லேபைப் பூட்டினார்கள். 2021 ஜனவரியில் பள்ளி பாதி திறந்தபோது லேப் பக்கம் போக முடிந்தது, ஆனால் கொரோனா மறுபடி கூடியதால் எஸ்எஸ்எல்சியின் ஐடி செய்முறைத் தேர்வையே அந்த வருஷம் ரத்து செய்துவிட்டார்கள். "நான் பயப்படாம எழுதியிருப்பேன்னா அது ஒண்ணுதான் மாமா" என்றான்.

அப்பா 2006-ல் சொன்னதைத்தான் பேரனும் சொல்கிறான். பார்க்கலாம், செய்ய முடியாது. ஒரு தலைமுறைக்கு ஒருதடவையாவது நான் கேட்டிருக்கலாம்.

புது பேட்டரி ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மாட்ட ஒரு நிமிஷம். போன் உயிரோடு எழுந்து, ஆகஸ்ட் 2020-ல் வந்த செய்தியில் நின்றது. பையனுக்கு அங்கேயே பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம். அவன் கேட்டது பெரிசாக ஒன்றும் இல்லை, பள்ளியில் இருந்த அதே கைட் லினக்ஸ். அவன் டீச்சர் பென்டிரைவில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பேரேட்டில் இருந்த ஒரு பக்கத்தை ஸ்லைடாக்கி, அம்புகளை 1, 2, 3 வரிசையில் ஓடவிட்டுக் காட்டினான். அக்கா ஒன்றும் புரியாமலே மூன்று தடவை பார்த்தாள்.

பழைய போனை 2023 வரை தங்கச்சி ஓட்டினாள். அதற்கு மேல் ஒவ்வொரு ஆப்பாக "உங்கள் போனில் வேலை செய்யாது" என்று கை விரித்துவிட்டது. இப்போது அக்கா அடுப்படியில் பாட்டு கேட்க மட்டும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் பேங்க் வேலையே வைத்துக்கொள்ளக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆக, கடைசிவரை அந்தப் போனுக்கு நிஜமான ஓடிபி வரவே இல்லை :-) பையன் இப்போது பிடெக் படிக்கிறான். பேரேடு அவன் ஹாஸ்டல் பெட்டியில் இருக்கிறதாம்.

பழைய போன் அனுப்பாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டிராயரில் தூங்குவதைவிட ஒரு பிள்ளை கையில் இருப்பது நல்லது. அனுப்பும்போது புது பேட்டரி ஒன்றும் மெமரி கார்டு ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் கணக்கை எல்லாம் அழித்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பி ரெண்டு வாரம் கழித்து ஒரு நாள் கூப்பிட்டு, "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு ஊரில் ஒரே பதில்தான் உண்டு.

"என்ன முடியல?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் தயங்குகிற அந்த அரை நிமிஷம் போனை வைக்காமல் இருங்கள்.